குழாய்த் தண்ணீர் வரும் வழியில் ஒரு நடை

ஆடி பிறந்தால் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுக்கக் கனடாப் பிள்ளைகள்தான். இந்த வருடம் தங்கச்சியின் மகளும் வந்திருந்தாள். பதினாறு வயது. வந்த மூன்றாம் நாளே கேட்டுவிட்டாள்: "பெரியம்மா, நாங்கள் அங்கை சம்மர் வந்தால் ட்ரெயில் நடக்கப் போவம். இங்கை கடைக்கு மட்டும்தானோ போறனீங்கள்?"

எனக்குச் சுருக்கென்றது. நான் பிறந்து வளர்ந்த ஊர். பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கங்களில் நடந்து திரிகிறேன். நடை என்றதும் எல்லாரும் எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும்தான் பெட்டி கட்டுகிறார்கள். அந்த மலைகளில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் காலையில் போய் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய தூரத்தில் எவ்வளவோ இருக்கிறது. "நாளைக்குக் காலமை ஐந்து மணிக்கு எழும்பு" என்றேன்.

கொழும்பில் நடப்பதற்கு நேரம்தான் முக்கியம். பனி உருகும் வரை காத்திருந்து புறப்படுவது அவர்கள் ஊர் வழக்கம். இங்கே எட்டரைக்கு மேல் வெயில் தலையில் ஏறிவிடும், காற்றில் உள்ள ஈரத்துக்கு உடுப்பு முதுகோடு ஒட்டிவிடும். ஆகவே விடியும்போது ஆட்டோ பிடித்துக் கோட்டேயில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனோம். ஏறத்தாழ 18 ஹெக்டேயர் சதுப்பு. அதற்குள்ளே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், பறவை பார்க்கக் கோபுரமும் உண்டு. ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கால் மணி நேரம் அசையாமல் நின்றோம். முதலில் நீலத் தாழைக்கோழி ஒன்று சிவந்த காலைத் தூக்கித் தூக்கிப் புல்லின் மேல் நடந்து வந்தது. அப்புறம் சீழ்க்கைச் சிறகிகள் விசிலடித்துக்கொண்டு தலைக்கு மேலே போயின. பலகைக்குக் கீழே ஏதோ பெரிதாக அசைந்தது. முதலையோ என்று என் கையைப் பிடித்தாள். கபரக்கொய்யா என்கிற நீர் உடும்பு! ஆறடிக்குக் குறையாது. எங்களை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் நீந்திப் போனது. இந்தச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் வாழ்கின்றன. பூனை பெரும்பாலும் இரவில்தான் வெளியே வரும், நான் இன்னும் கண்டதில்லை.

கோட்டே என்ற பெயரே கோட்டையிலிருந்து வந்ததுதான். 14ஆம் நூற்றாண்டில் அமைச்சர் அழகக்கோனார் இங்கே கோட்டை கட்டினார். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் படையைத் தடுக்கக் கட்டியது என்று வரலாற்று ஏடுகள் சொல்கின்றன. சுற்றிவர இருந்த சேறும் நீரும் அதற்கு அகழியாகப் பயன்பட்டன. அடுத்த நூற்றாண்டில் இங்கிருந்து போய் யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூரைப் பிடித்த செண்பகப் பெருமாள், பின்னாளில் இதே கோட்டேயில் அரசனாக முடிசூடினான். யாழ்ப்பாணத்தில் வேரும் கொழும்பில் வாழ்வுமாக உள்ள எனக்கு, இந்தச் சேற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கதை நினைவுக்கு வரும்.

இந்தச் சதுப்பு இன்றைக்கும் எங்களைக் காக்கிறது. மழைத் தண்ணீரை முதலில் வாங்கி வைத்திருந்து, மெல்ல மெல்லக் கால்வாய்களுக்கு விடுவது இதுதான். 2010 நவம்பரில் ஒரே இரவு மழைக்கு நாடாளுமன்றத்தைச் சுற்றி வெள்ளம் நின்றது, கொழும்பில் இருந்த எல்லாருக்கும் அது நினைவிருக்கும். 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றபோது எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சமல்ல. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் எங்கேயாவது ஒரு துண்டை மண் போட்டு நிரப்புகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை.

"இது நடை இல்லைப் பெரியம்மா, நிற்கிறது" என்று வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள். சரி, நடை வேண்டும் என்றால் நடை.

சின்ன வயதில், குழாயைத் திறந்து வாயை வைத்துக் குடித்தால் அப்பா சொல்வார், "மெதுவாக் குடி, லபுகமவிலிருந்து நடந்து வந்த தண்ணி." பிரிட்டிஷ்காரர் 1880களில் கொழும்புக்காக வக் ஓயா என்ற ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் அது. இன்றைக்கு நகருக்குக் களனி ஆற்றிலிருந்தும் தண்ணீர் வருகிறது, லபுகமவும் இன்னும் வேலை செய்கிறது. அந்தத் தண்ணீர் வரும் பக்கமாகத்தான் அடுத்த ஞாயிறு போனோம்.

கடலோர ரயிலில் கொழும்புக் கோட்டை நிலையத்துக்கு வந்து, அங்கே களனிவெளிக் கோச்சிக்கு மாறினோம். 1990கள் வரை குறுகிய பாதையாக இருந்த தடம் இது. கோல்ஃப் மைதானத்துக்கு நடுவே போய், பிறகு வீடுகளின் குசினி ஜன்னல்களை உரசிக்கொண்டு நுகேகொடை, மகரகமை, ஹோமாகமை என்று ஊர்கிறது. அவசரக்காரருக்கு இது ஏற்ற கோச்சி அல்ல. வார இறுதியில் ஓடுவதும் குறைவு, திரும்பி வரும் நேரத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள். பாதுக்கையைத் தாண்டியதும் இறப்பர் மரங்கள், பிறகு இரண்டு பக்கமும் பச்சை. வக நிலையத்தில் இறங்கினோம்.

நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன் ரீ குடித்தோம். காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்து விட்டு, அதன்மேல் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்தோம். இது அட்டைப் பூச்சி ஏறாமல் இருக்க. தேசிக்காயும் ஒரு பையில். மழைக்காட்டுக்கு இது இல்லாமல் போகாதீர்கள்.

இந்திக்கட முக்கலான என்பது ஊரோரமாகத் தொடங்கும் தாழ்நில மழைக்காடு. உள்ளே கால் வைத்ததும் வெளிச்சம் பாதியாகிவிடும், வியர்வை குளிரும். ஹொர மரங்கள் நேராக எழும்பி எங்கேயோ மேலே போய்த்தான் கிளை விடுகின்றன. பிரம்புக் கொடி சட்டையைப் பிடித்தால் இழுக்கக் கூடாது, ஒரு அடி பின்னே போய்க் கழற்ற வேண்டும். அதை இரண்டு கிழிசலுக்குப் பிறகுதான் அவள் பழகினாள். தொலைவில் முசு என்ற குரங்கு ஒன்று கரகரத்துக் கத்தியது. மேற்குக் கரையோர ஊதாமுக முசு உலகத்திலேயே இந்தப் பக்கத்தில் மட்டும்தான் உண்டு, அழியும் நிலைக்கு மிக நெருங்கிவிட்டது. காடு துண்டுபட்டதால் அவை மின்கம்பியில் தாவிச் சாகின்றன. இதைச் சொன்னபோது அவள் நின்றுவிட்டாள். திரும்பவும் அந்தச் சத்தம் கேட்கும் வரைக்கும் நகரவில்லை. இந்த முறை நிற்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பாதை ஓடையில் போய் முடிந்தது. கல்லில் உட்கார்ந்து இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, சின்ன மீன்கள் காலைக் கடித்தன. குளிக்க இறங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, நீரோடு காய்ந்த இலைகள் கூட்டமாக வரத் தொடங்கின, நிறமும் மங்கியது. எங்கள் தலைக்கு மேலே மழை இல்லை. ஆனால் மேலே எங்கேயோ பெய்கிறது. "ஏறு, உடனே ஏறு" என்று கத்திவிட்டேன். அவள் வழுக்கி முழங்கால் உரசியது. நாங்கள் கரைக்கு வந்து காலணி மாட்டுவதற்குள் சாப்பிட்ட கல்லில் பாதி நீருக்குள் போய்விட்டது. மழைக்காட்டு ஓடையில் நிறம் மாறினால் துவாயைக் கூடத் தேடாதீர்கள், முதலில் கரை ஏறுங்கள். லபுகம நீர்த்தேக்கத்துக்குள் போக வேண்டுமானால் நீர் வழங்கல் சபையிடம் முன்கூட்டியே அனுமதி எடுங்கள். நாங்கள் அன்றைக்கு எடுத்திருக்கவில்லை.

இன்னும் இரண்டு இடம். கம்பகாவுக்குப் பக்கத்துப் பிலிக்குத்துவ விகாரையைச் சுற்றியுள்ள காட்டில், பழங்காலத்துப் பிக்குகள் தங்கிய கற்குகைகள் உள்ளன. மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கப் பாறை விளிம்பில் வெட்டிய வரிப்பள்ளத்தைத் தடவிப் பாருங்கள், சில இடங்களில் பிராமி எழுத்தும் உண்டு. அரை நாள் போதும். இரத்தினபுரிப் பாதையில் குருவிட்டவுக்கு அப்பால் உள்ள போபத் எல்ல அருவி 30 மீட்டர், விழும்போது அரசிலை வடிவில் விரியும். அழகுதான், ஆனால் விடுமுறை நாளில் கூட்டம் தாங்காது. வார நாளில் போங்கள்.

வீட்டுக்கு வந்து முழங்காலைக் கழுவக் குழாயைத் திறந்தவள், தண்ணீரைக் கையில் ஏந்தி, "இது அந்த மழையோ பெரியம்மா?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். நாளை மறுநாள் அவளுக்கு விமானம். அதற்குள் தலங்கம குளத்தையும் பார்த்துவிட வேண்டுமாம். அங்கேயும் முசு வரும் என்று நான்தான் சொல்லிவிட்டேன். நாளைக் காலை ஐந்துக்கு அலாரம் வைத்தது அவள்.