தம்பியின் ஸ்கேனில் தெரிந்த வளையம்: காசநோயா, புழுவா?

தம்பிக்கு வலிப்பு வந்ததும், கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்ததும் இரண்டே நாளில் முடிந்துவிட்டன. அலைச்சல், அறிக்கை கைக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. மூளையின் வலப்பக்கத்தில் 12 மி.மீ. அளவில் வளையம் போன்ற புண், சுற்றிலும் வீக்கம் என்று எழுதி, காசநோய்க் கட்டி, நாடாப்புழுக் கட்டி என்ற இரண்டின் பக்கத்திலும் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். இருமலோ காய்ச்சலோ எடைக்குறைவோ இல்லாத, நெஞ்சுப் படமும் சுத்தமாக இருந்த பையனுக்கு, முதலில் பார்த்த மருத்துவர், நம் ஊரில் காசநோய்தானே அதிகம் என்று பல மாதங்கள் நீளும் மாத்திரைகளை எழுதிவிட்டார்.

மனம் ஒப்பாமல் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் போனோம். ஃபிலிமில் இருந்த சிறு படங்கள் போதாது, முழுப் பதிவும் அடங்கிய சி.டி. தகடு வேண்டும் என்றார். ஸ்கேன் மையத்துக்குத் திரும்பி "சி.டி. வேண்டும்" என்று கேட்டேன், கவுன்ட்டரில் இருந்தவர் சி.டி. ஸ்கேனுக்குப் பணம் கட்டச் சொல்லி, மருத்துவர் சீட்டு இல்லை என்று அரை மணி நேரம் நிற்கவைத்தார். ஒருவழியாக வாங்கி வந்த தகட்டை மருத்துவர் திறந்தபோது, திரையில் யாருடைய முழங்காலோ தெரிந்தது. அந்த முழங்காலுக்குரியவர் தம்பியின் மூளையோடு எந்த எலும்பு மருத்துவர் முன் உட்கார்ந்திருந்தாரோ! ஆகவே தகட்டை அங்கேயே திறந்து காட்டச் சொல்லி, பெயரையும் தேதியையும் சரிபார்க்காமல் படியிறங்காதீர்கள்.

மூன்றாவது பயணத்தில் சரியான தகடு கிடைத்தது. மருத்துவர் படங்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, வளையத்துக்குள் ஓரமாக ஒட்டியிருந்த, கடுகைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். அது பன்றி நாடாப்புழுவின் தலை. காசநோய்க் கட்டி பெரும்பாலும் 20 மி.மீ.க்கு மேல், ஒழுங்கற்ற வடிவில் இருக்கும், இந்தப் புள்ளியும் அதற்குள் இராது என்று விளக்கினார்.

முட்டைகூடத் தொடாத வீட்டில் பன்றி நாடாப்புழு எப்படி வந்தது என்று அம்மா கேட்டார். புழுவின் முட்டைகள் மனிதக் கழிவின் வழியாகவே பரவுகின்றன, கழுவாத கீரையும் அசுத்தமான தண்ணீரும் அழுக்குக் கையும் போதும் என்ற பதில் அவரை வெகுநேரம் பேசவிடவில்லை.

கண்ணுக்குள் புழு இல்லை என்று உறுதிசெய்த பிறகே, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டோடு, புழுவைக் கொல்லும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தொடங்கினார்கள். மறு ஸ்கேனில் வளையம் சுருங்கியிருந்தது. வலிப்பு மாத்திரை மட்டும் தொடர்கிறது.