பதினாறு வயசுப் பாட்டி

எங்க பசங்க நாடகம் நேத்து பெங்களூரு அல்சூர்ல அரங்கேறிடுச்சு. எல்லாருக்கும் 15, 16 வயசு. வேஷமோ 70ஐத் தாண்டினது. முதல் ஒத்திகையில எல்லாரும் கூன் போட்டு, குரலை நடுங்க வெச்சு வந்தாங்க. பொய்யா இருந்துச்சு.

ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன். 18 வருஷம் மூடியே கிடந்து 2009ல திறந்த நம்ம வள்ளுவர் சிலை இருக்கே, அந்தப் பக்கம். வாக்கிங் வர்ற பெரியவங்களைச் சும்மா பாருங்கன்னு சொன்னேன். "அக்கா, அவங்க நடுங்கவே இல்ல. உட்கார்றதுக்கு முன்னாடி கை பெஞ்சைத் தேடுது"ன்னா ஒருத்தி. தள்ளாடாம இருக்கத்தானே அவங்க பாடுபடுறாங்க!

நேத்து மேடையில அவ நாற்காலிக் கையைத் தடவிப் பிடிச்சு, ஒரு மூச்சு நின்னு, மெதுவா உட்கார்ந்தா. தலையில போட்ட பவுடர் வேர்வையோட நெத்தியில வழிஞ்சுது. யாரும் சிரிக்கல. முன்வரிசையில அவ பாட்டி, தன் கையையே பார்த்துட்டு இருந்தாங்க.