ஏதென்ஸில் ஏரிஸ், ரோமில் மார்ஸ்

கிரேக்கத் தெய்வங்களுக்கு ரோமானியப் பெயர்கள்: ஸீயஸ் என்றால் ஜூபிடர், ஹீரா என்றால் ஜூனோ, அதீனா என்றால் மினர்வா, போர்த் தெய்வம் ஏரிஸ் என்றால் மார்ஸ். பள்ளி நாளில் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தது. ஏதென்ஸில் இரண்டு நாள், அப்புறம் ரோமில் மூன்று நாள் சுற்றியபோது அந்தக் கடைசி ஜோடி மட்டும் எனக்கு ஒட்டவே இல்லை.

ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸுக்குக் கீழே அரியோபாகஸ் என்றொரு பாறை. ‘ஏரிஸின் குன்று’ என்று பொருள். ஆட்கள் ஏறி ஏறி வழவழப்பாகிவிட்டதால் பக்கத்து இரும்புப் படியில்தான் ஏறினேன். கடல் தெய்வம் பொசைடனின் மகனைக் கொன்றதற்காக ஏரிஸை மற்ற தெய்வங்கள் இங்கே நிறுத்தி விசாரித்தார்களாம். தன் மகளிடம் அத்துமீறியவனைத்தான் கொன்றான் என்று விட்டுவிட்டார்கள். இருந்தாலும், ஊரில் அவன் பெயர் நிலைத்தது ஒரு கொலை வழக்கு நடந்த பாறையில். பெற்ற தகப்பன் ஸீயஸே, ‘ஒலிம்பஸ் தெய்வங்களில் உன்னைத்தான் அதிகம் வெறுக்கிறேன்’ என்று ஹோமரின் இலியட் காவியத்தில் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். படித்தபோதே மனசுக்குக் கஷ்டமாக இருந்த இடம் அது.

கீழே பழைய சந்தைவெளியான அகோராவில் ஏரிஸ் கோயிலின் அடித்தளம் மட்டும் மிச்சம். அதுவும் வேறிடத்தில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். ரோமானியர் ஆட்சியில், முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தையொட்டி, கல் கல்லாகப் பிரித்து இங்கே கொண்டுவந்து எழுப்பினார்கள். மார்ஸைக் கும்பிடுகிறவர்கள் வந்த பிறகுதான் ஏரிஸுக்கு ஊர் நடுவில் இடம் கிடைத்ததோ என்று தோன்றியது.

ரோமில் அகஸ்டஸ் கட்டிய பொதுச்சதுக்கமான அகஸ்டஸ் மன்றத்தைத் தெருவோரக் கம்பியில் சாய்ந்தபடியே பார்க்கலாம், சீட்டு வாங்க வேண்டாம். அதற்குள் இருப்பது, தன்னைத் தத்தெடுத்த ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களைத் தோற்கடிக்க வேண்டும் என்று கி.மு. 42இல் பிலிப்பி போரின்போது அகஸ்டஸ் நேர்ந்துகொண்ட கோயில். நேர்த்திக்கடன் தீர்ந்தது கி.மு. 2இல், நாற்பது வருஷம் கழித்து! ‘மார்ஸ் உல்டோர்’, பழிதீர்க்கும் மார்ஸ். 17 மீட்டருக்கு மேல் உயரமான மூன்று தூண்கள் பின்சுவரை ஒட்டி இன்னும் நிற்கின்றன. மாலை வெயில் அவற்றின் மேல் விழும் வரை காத்திருந்தேன்.

இங்கே மார்ஸ் யாருக்கும் வேண்டாதவன் இல்லை. ரோமை நிறுவிய ரோமுலஸின் தகப்பன். பழைய ரோமானிய ஆண்டின் முதல் மாதமான மார்ச் அவன் பெயரில்தான். பயிரையும் மாட்டையும் காப்பாற்று என்று குடியானவர்கள் வேண்டிக்கொண்ட காவல் தெய்வமும் அவன்தான்.

நான் நின்றிருந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இத்தாலிய மொழியில் ‘மார்த்தெதி’, மார்ஸின் நாள். நம் செவ்வாயும் மார்ஸ் என்று பெயர் பெற்ற அதே கோளின் நாள்தான். ஏதென்ஸில் தங்கிய விடுதியில் கிழமைகளைச் சொல்லித் தந்தார்கள். அங்கே செவ்வாய்க்குப் பெயர் ‘த்ரீத்தி’. மூன்றாவது நாள், அவ்வளவுதான்.