கையால் தொடாமல் கொல்லும் எட்சுகோ

ஜூலை 12, சனி
மறுபடி 'டோமு'. கட்சுஹிரோ ஓட்டோமோ 1980இல் பத்திரிகைத் தொடராக ஆரம்பித்து, 1983இல் புத்தகமாக வந்த மாங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ். அவருடைய புகழ்பெற்ற மாங்காவான 'அகிரா'வைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுபவர்கள்கூட இதைத் தொட்டிருப்பதில்லை, அந்த ஆதங்கம் எனக்கு நிறையவே உண்டு. கதை முழுக்க ஒரு பிரம்மாண்டமான அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரே மாதிரி பால்கனிகள், வரிசை வரிசையாக. அங்கே ஆட்கள் காரணமே தெரியாமல் செத்துக்கொண்டிருக்கிறார்கள், போலீஸ் திணறுகிறது.

ஜூலை 13, ஞாயிறு
கதை தெரியக் கூடாது என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கொல்வது சோ-சான் என்ற கிழவர், வெறும் மனோசக்தியால். வயதுதான் ஆகியிருக்கிறது, புத்தி இன்னும் சின்னப் பிள்ளையுடையது. செத்தவர்களின் சாமான்களை ஆசை ஆசையாய்ச் சேர்க்கிறார், றெக்கை வைத்த தொப்பி உட்பட. அப்புறம் எட்சுகோ என்ற சிறுமி அங்கே குடிவருகிறாள். கிழவர் மேலிருந்து கீழே தள்ளிய கைக்குழந்தையைத் தரையில் மோதவிடாமல் பார்வையாலேயே தடுத்துவிட்டு, நேரே அவரிடம் போய், சேட்டை பண்ணிய தம்பியை அக்கா அதட்டுவதுபோல அதட்டுகிறாள். கிழவருக்கு வெலவெலத்துப் போகிறது. எனக்கும்தான், ஏனென்றால் இவளுடைய சக்தி அவருடையதைவிடப் பெரிது என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

ஜூலை 15, செவ்வாய்
இன்றிரவு சண்டைப் பக்கங்கள் மட்டும். அந்தச் சக்திக்கு ஒளியோ மின்னலோ எதுவும் வரைவதில்லை ஓட்டோமோ. கிழவர் சுவரில் அறையப்படும்போது அவரைச் சுற்றிக் கான்கிரீட் அரைப்பந்தாக உள்ளே அமுங்குகிறது, அவ்வளவுதான். சத்தம் நம் காதில் தானாகக் கேட்கிறது. எட்சுகோவுக்கு வெறி ஏறியதும் கட்டடமே பிளக்கிறது. நல்ல பிள்ளைதான், ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்கவே பயமாயிருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி
முடிவு பட்டப்பகலில், விளையாட்டுத் திடலில். எட்சுகோ ஊஞ்சலில், கிழவர் பெஞ்சில். இரண்டு பேரும் வாயே திறப்பதில்லை. பக்கத்தில் இருக்கிற பெரியவர்களுக்கு எதுவும் தெரியாமலே அவர் கதை முடிந்துவிடுகிறது. இதில் ரத்தம் கிடையாது, ஆனால் புத்தகத்திலேயே கொடூரமான கொலை இதுதான் என்பேன், செய்கிறவளுக்குக் கை நடுங்கவில்லையே. ஜப்பானின் பெரிய அறிவியல் புனைவு விருதான நிஹோன் எஸ்எஃப் தைஷோவை முதன்முதலாக வாங்கிய மாங்கா இது, 1983இல். சும்மா கொடுக்கவில்லை.

நாளையிலிருந்து 'அகிரா' முதல் பாகம். கிழட்டு முகத்தோடு வரும் அந்தக் குழந்தைகளை, சோ-சான் மனதில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.