இடது கைக்கான அளவுகள்

பிப்ரவரி 4

இறுதியாண்டுத் திட்டத்துக்கான படிவத்தை இன்று கொடுத்துவிட்டேன். உடை யாருக்கானது என்ற கட்டத்தில் வயது, ஊர், வாழ்க்கை முறை ஆகியவற்றைக் குறிப்பிடச் சொல்லியிருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயது, கும்பகோணம், எழுந்தது முதல் படுக்கும்வரை புடவை, புற்றுநோய்க்காக இடது மார்பகம் அகற்றப்பட்டபின் மாலையில் இடது கை வீங்கும் என்று அம்மாவைப் பற்றி எழுதினேன். ஆசிரியை அந்தக் கட்டத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையொப்பமிட்டார்.

பிப்ரவரி 6

அம்மா இரவெல்லாம் தூங்கவில்லை என்று சித்தி சொன்னார்.

பிப்ரவரி 9

முதலாம் ஆண்டில் நாங்கள் கற்ற முதல் பாடம், உடம்பில் பாதியை வரைந்தால் போதும் என்பதுதான். மார்புச் சுற்றளவை எடுத்து நான்கால் வகுத்து, பழுப்புத் தாளில் முன்பக்கத்தின் பாதியையும் பின்பக்கத்தின் பாதியையும் வரைந்து, ஒரே ஒரு கையை வரைந்து, துணியை இரண்டாக மடித்து அதன்மேல் தாளை வைத்து வெட்டினால், ஒரே வெட்டில் இரண்டு பக்கமும் கிடைத்துவிடும். கும்பகோணத்தில் எங்கள் தெருமுனைத் தையற்கார அக்கா தாள் எதுவும் இல்லாமல் வெட்டுபவர். அவரும் அளவு ஜாக்கெட்டை இரண்டாக மடித்து வைத்துத்தான் சாக்பீஸால் கோடு போடுவார். கல்லூரிக் கூடத்தில் வரிசையாக நிற்கும் பொம்மை உடல்களுக்கும் இடமும் வலமும் ஒன்றே.

இந்த நம்பிக்கை எங்கிருந்து இவ்வளவு உறுதியாக வந்தது என்று இன்று நூலகத்தில் தேடினேன். ஆயத்த ஆடை அளவுகளின் கதையில் எல்லோரும் குறிப்பிடுவது அமெரிக்க வேளாண் துறைக்காக ரூத் ஓ'பிரையனும் வில்லியம் ஷெல்டனும் செய்து 1941இல் வெளியிட்ட ஆய்வை. ஏறத்தாழ 15,000 பெண்களிடம், ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள் எடுத்திருக்கிறார்கள். வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளை முடிவுகளில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். நம் நாட்டுக்கென ஓர் அளவு அட்டவணை வேண்டும் என்று தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான நிஃப்ட் மேற்கொண்ட கணக்கெடுப்பு ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் நிறுத்தி அளக்கத் திட்டமிட்டது. அது பெரிய வேலை, தேவையான வேலை. ஆனாலும் ஆயிரக்கணக்கானோரைக் கூட்டிச் சராசரி காணும்போது, ஒரு பக்கம் மட்டும் மாறிப்போன உடம்பு அந்தச் சராசரிக்குள் சத்தமில்லாமல் கரைந்துவிடுகிறது. எஸ், எம், எல் என்று எந்த எழுத்துக்குள்ளும் அம்மா இல்லை.

நான் முழு உடம்பையும் வரையப்போகிறேன்.

பிப்ரவரி 14

சித்தி வீட்டில் தங்கி, காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அளவெடுத்தேன். மணிக்கட்டில் தொடங்கி பத்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, இரண்டு கைகளையும் அதே உயரங்களில் அளந்தேன். மேல்கையில் வலது 28. இடது காலையில் 31, மாலையில் 32.5. இரு கைகளுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர் வேறுபாடு வந்தாலே கவனிக்க வேண்டும் என்று பிசியோதெரபி மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, இறுக்கமான வளையல் கூடாது. ஆனால் முப்பது வருடங்களாக ஜாக்கெட் கை என்றால் சதையைப் பிடித்தாற்போல் நிற்க வேண்டும் என்று பழகியவர் அம்மா. தளர்வாக இருந்தால் அது தன்னுடைய ஜாக்கெட்டே இல்லை என்பார்.

அளக்கும்போது அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்களைச் சத்தமாகச் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 15

காலை அளவுக்கு வெட்டுவதா, மாலை அளவுக்கு வெட்டுவதா?

பிப்ரவரி 20

சென்னையில் துணிக்கடைகள் நிறைந்த கோடவுன் தெருவுக்குப் போய் வந்தேன். முதலில் ரிப் பின்னல் துணியைத்தான் நினைத்திருந்தேன். திருப்பூரிலிருந்து வரும் அந்தத் துணி கையோடு விரிந்து கையோடு சுருங்கும். ஆனால் புடவைக்குள்ளிருந்து தெரியும்போது அது பனியன் துணி என்று யாருக்கும் தெரிந்துவிடும், அம்மா அதை உடுத்தமாட்டார். எனவே நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடும் இரட்டை இழையால் நெய்யப்படும் டூ பை டூ. அம்மாவின் பெட்டியில் இருப்பதெல்லாம் அதே துணிதான். மாம்பழ மஞ்சளில் மூன்று மீட்டர், அரக்கில் மூன்று மீட்டர், மாதிரி தைத்துப் பார்க்கக் காடா துணி எட்டு மீட்டர். விடுதிக்கு வந்ததும் எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தேன். சுருங்க வேண்டியது வெட்டுவதற்கு முன்பே சுருங்கட்டும்.

பிப்ரவரி 27

அம்மாவுக்கு இன்று கதிர்வீச்சு தொடங்கியது. எந்த இடத்தில் கதிர் படவேண்டும் என்று தோலின்மேல் ஊதா மையால் கோடுகள் போட்டிருக்கிறார்கள். அவை அழியும்படி குளிக்கக் கூடாதாம். நான் துணியில் போடும் வெட்டுக்கோடுகளைப் போலவே குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். மை எல்லா ஜாக்கெட்டிலும் ஒட்டுகிறது, எனவே உட்புறத்துக்கு வெள்ளை லைனிங் வேண்டாம். இதையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். இப்படிப்பட்ட செய்தி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, எழுதி வைத்தால்தான் அடுத்து ஒருத்திக்குக் கிடைக்கும்.

மார்ச் 3

கை. இன்று முழுவதும் கைதான்.

ஜாக்கெட் கையின் மேல்வளைவு எவ்வளவு உயரமாக இருக்கிறதோ, கை தொங்கும்போது அவ்வளவு அழகாகச் சுருக்கமின்றி விழும். கையைத் தூக்கினாலோ உடையையே இழுத்துக்கொண்டு மேலே போகும். வளைவைத் தாழ்த்தினால் கை அகலமாகும், தூக்குவது எளிதாகும், தொங்கவிடும்போது கக்கத்தில் மடிப்புகள் விழும். எல்லாச் சட்டைகளும் எல்லா ஜாக்கெட்டுகளும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு புள்ளியில் நிற்பவைதான். அம்மா கையைத் தோள்வரை தூக்குவதற்கே இப்போது பயிற்சி செய்கிறார், தினமும் சுவரில் விரல்களை ஊன்றி மேலே நகர்த்துகிறார். அந்த விரல்கள் ஒவ்வொரு நாளும் சற்று மேலே போவதை ஜாக்கெட் தடுத்துவிடக் கூடாது.

வளைவை ஓரளவு தாழ்த்திவிட்டு, கக்கத்தில் சாய்சதுரமாக ஒரு துண்டு சேர்த்தேன். அந்தத் துண்டை மட்டும் குறுக்குவாட்டில், அதாவது பாவுக்கும் ஊடுக்கும் 45 பாகையில் வெட்டினேன். நெய்த துணி அந்தத் திசையில்தான் இழுத்தால் இளகும். 1920களில் பாரிஸில் மேட்லின் வியோனே முழு கவுன்களையே இப்படிக் குறுக்காக வெட்டி, ரப்பரோ பின்னலோ இல்லாமல் உடம்போடு அசையவைத்தார். எனக்கு வேண்டியது உள்ளங்கை அளவுத் துண்டு மட்டும். அது காலையில் மடங்கிக் கிடந்து மாலையில் விரிந்து இடம் கொடுத்தால், எந்த அளவுக்கு வெட்டுவது என்ற கேள்விக்கே விடை கிடைத்துவிடும். மேலும், பழைய முறைத் தையல்கள் எல்லாம் கக்கத்தில் ஒரே இடத்தில் கூடுகின்றன. நான்கு மடிப்புத் துணி சேரும் அந்த முடிச்சு அம்மாவின் தழும்பு முடியும் இடத்திலேயே உரசும். சாய்சதுரத் துண்டு வைத்தால் தையல்கள் அங்கிருந்து விலகிப்போகின்றன.

இரவு இரண்டு மணி. பாபின் நூல் தீர்ந்துவிட்டது.

மார்ச் 5

அம்மாவின் மருத்துவ அறிக்கை இன்றும் வரவில்லை.

மார்ச் 11

இடைக்கால ஜூரி முடிந்தது. வெளியிலிருந்து வந்த நடுவர்களில் ஒருவர், இரு பக்கமும் வேறுபடுவதுதான் இதன் சிறப்பு என்றால் அதை வெளிப்படையாகக் காட்டலாமே, ஒரு கை நீளம் ஒரு கை குட்டை, ஒரு கை பட்டு ஒரு கை பருத்தி என்று துணிந்து செய்தால் மேடையில் நன்றாக எடுபடுமே என்றார். மற்றவர்கள் தலையசைத்தார்கள்.

அறைக்கு வந்து நெடுநேரம் கோபம் தணியவில்லை. வேறுபாட்டை ஊருக்குக் காட்டுவது அம்மாவின் விருப்பமாக இருந்தால் நானே முதலில் அப்படித் தைத்திருப்பேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும்போது பக்கத்தில் இருப்பவர் தன் இடது கையைப் பார்க்காமல் தன்னைப் பார்க்க வேண்டும் என்பதே அவர் கேட்பது. அந்தச் சாதாரணத்தைத் தைத்துக் கொடுப்பதற்குத்தான் இத்தனை கணக்கும் வேண்டியிருக்கிறது. வெளியே தெரியும் விளிம்பின் அகலம் இரண்டு கைகளிலும் ஒன்றாகவே இருக்கும். வலது கையில் உள்ளே ஒரு மெல்லிய பட்டி அதைப் பிடித்துக்கொள்ளும், இடது கையில் பட்டி இருக்காது. எதிரில் நிற்பவரின் கண்ணுக்கு இரண்டும் சமமாகத் தோன்றும்.

இதை அவர்கள் முன்னிலையில் சொல்லத்தான் செய்தேன். மேடையில் தெரியாத வேலைக்கு மதிப்பெண் எப்படித் தருவது என்று கேட்டார்கள். உடுத்துபவருக்குத் தெரியும் என்றேன்.

மார்ச் 12

பார்பி பொம்மையை 1959இல் உலகுக்குக் கொண்டுவந்த ரூத் ஹேண்ட்லர், 1970இல் தனக்கே ஒரு மார்பகம் அகற்றப்பட்டபின், கடைகளில் கிடைத்த செயற்கை மார்பகங்கள் சகிக்காமல் தாமே செய்யத் தொடங்கியிருக்கிறார். செருப்பு விற்பதுபோல் இடத்துக்கு வேறு, வலத்துக்கு வேறு என்று அவர் தனித்தனியாகச் செய்தார். எந்த உயிருள்ள பெண்ணுக்கும் பொருந்தாத உடலளவு கொண்ட பொம்மையை விற்றவர், பின்னாளில் கடைகளின் உடைமாற்றும் அறைகளில் பெண்களுக்குப் பொருத்திப் பார்த்துக் கொடுத்தார் என்பதைப் படித்ததிலிருந்து வேறெதிலும் மனம் செல்லவில்லை.

மார்ச் 19

விடுதியில் யாரும் தூங்குவதில்லை. என் அறைத்தோழி தரையெங்கும் ஜமிக்கி கொட்டி வைத்திருக்கிறாள். எதிர் அறையில் அவுரிச் சாயத் தொட்டி, துணியை வெளியே எடுத்ததும் பச்சையாக இருந்து காற்று பட்டு நீலமாவதைப் பார்க்க மாடியே கூடிவிட்டது. ஓவர்லாக் மெஷின் ஒன்றுதான், அதற்கு வரிசை. என் முறை வருவதற்குள் மூன்று தோழிகள் தங்கள் கைகளை எனக்கு இரவல் தந்தார்கள். துணிப்பட்டியை ஒருத்தியின் மேல்கையில் சுற்றி 32.5 ஆக்கி, ஜாக்கெட்டைப் போட்டுக் கையைத் தூக்கு, இறக்கு, பின்னால் கொண்டுபோ என்று ஒரு மணிநேரம் படுத்தினேன். அவள் முகம் சுளிக்கவில்லை. இந்த நான்கு வருடங்களில் பிடித்தது எது என்று யாராவது கேட்டால் இந்த இரவுகளைத்தான் சொல்வேன்.

மார்ச் 24

எடையைப் பற்றி யோசிக்கிறேன். ஒரு பக்கம் கனம் குறைந்தால் தோள் மெதுவாக ஏறிக்கொள்கிறது, கழுத்து வலிக்கிறது, அம்மா நிழற்படங்களில் இப்போது ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறார். கதிர்வீச்சு முடிந்து தோல் ஆறும்வரை செயற்கை மார்பகம் எதையும் உள்ளே வைக்கக் கூடாது. அதற்குப் பிறகான நாட்களுக்காக ஒரு பை தைத்துவிடலாம். வாய் பக்கவாட்டில் இருக்கட்டும், நின்றபடியே வலது கையால் வைக்கவும் எடுக்கவும் முடியும், துவைக்கும்போது கழற்றிவிடலாம். சோதனைக்காகச் சிறு பருத்திப் பையில் கடுகை நிரப்பிச் சமையலறைத் தராசில் நிறுத்தேன்.

மார்ச் 30

பேருந்து அடையாறைக் கடக்கும்போது, அங்கே புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. 1923இல் தங்கை புற்றுநோயில் இறந்தார், 1954இல்தான் மருத்துவமனை திறக்க முடிந்தது. இடையில் இத்தனை ஆண்டுகள் அந்த எண்ணம் அவரைவிட்டு அகலவில்லை.

ஏப்ரல் 2

செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். பிறகு வியாழன் என்றார்கள்.

ஏப்ரல் 6

இரண்டாவது மாதிரியை அம்மா போட்டுப் பார்த்தார். மாலை ஆறு மணிக்கே பார்க்கட்டும் என்று காத்திருந்தேன். கொக்கிகளை ஒரு கையாலேயே போட முடிந்தது. பரணில் இருந்த டப்பாவை எடுக்கப் போனார், கை தோளுக்குமேல் சென்றது, ஜாக்கெட்டின் கீழ்ப்பட்டி மேலே ஏறவில்லை. முன்பக்கத்தில் தோளிலிருந்து சாய்வாக ஒரு சுருக்கம் விழுகிறது. இடது தோள்கோட்டை அரை அங்குலம் இறக்க வேண்டும். அம்மாவுக்கு அது கண்ணில் படவே இல்லை, கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றார்.

பிறகு, காத்திருப்புக் கூடத்தில் பக்கத்தில் உட்காரும் ஒரு பெண்ணுக்கும் இதுபோல் தைக்க முடியுமா என்று கேட்டார். அவருக்கு வலது பக்கம். தாளைத் திருப்பி வைத்து வெட்டிவிடலாம் என்று நினைத்த அடுத்த நொடியே அது நடக்காது என்று தெரிந்தது. ஜாக்கெட்டில் வலது பாகம் இடதின்மேல் வந்து படியும். கொக்கியை இழுத்து மாட்டும் வேலை பெரும்பாலும் வலது கைக்கே. வலி இருக்கும் கைக்கு அந்த வேலையைக் கொடுக்க முடியாது. திறப்பை மாற்ற வேண்டும், பையின் வாயை மாற்ற வேண்டும், அவர் எந்தக் கையால் எழுதுகிறார், எந்தக் கையால் கரண்டி பிடிக்கிறார் என்று தெரிய வேண்டும்.

ஏப்ரல் 8

நாளை பத்து மணிக்கு அறிக்கை. அந்தப் பெண்ணும் வருவதாக அம்மா சொன்னார். கதவுக்கு வெளியே எப்படியும் ஒரு மணிநேரம் உட்காரவைப்பார்கள், அவர் சம்மதித்தால் அதற்குள் மேல்கை அளவுகளை எடுத்துவிடலாம். டேப், பென்சில், பழுப்புத் தாள் ஆகியவற்றைப் பையில் வைத்துவிட்டேன். கொக்கிக்குப் பதிலாக அழுத்துப் பொத்தான் வைத்தால் என்ன என்று பார்க்க வேண்டும். அழுத்துவதற்கும் விரலில் வலு வேண்டுமே, காந்தப் பொத்தான் என்றால் கதிர்வீச்சு அறையில் அனுமதிப்பார்களா என்று கேட்க வேண்டும்.