ரேங்க் கார்டை நீட்டும் அந்த ஐந்து நிமிடம்

விடைத்தாள் கொடுக்கும் வாரத்தில் காலையில் மட்டும் வயிற்றுவலி. ஞாயிறு இரவு தூக்கமில்லை. கேட்டால், "இன்னும் பேப்பர் தரலை." பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இதெல்லாம் தெரிந்தால், பாடத்தைவிட ரேங்க் கார்டை நீட்டப்போகும் அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் அது அதிகம் பயப்படுகிறது.

எனவே கேட்டதும் கையெழுத்தைப் போட்டுவிடுங்கள். அன்று மார்க் பேச்சே வேண்டாம். திட்டு வாங்கினால்தான் கையெழுத்து என்றால், பிள்ளை படிக்கக் கற்கிறதோ இல்லையோ, மறைக்கக் கற்றுக்கொள்ளும். "உன் ஃபிரண்ட் எவ்வளவு?" என்பதும் வேண்டாம். மாநில ரேங்க் பட்டியலை அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. வீடுகளில்தான் இன்னும் வெளியாகிறது.

மறுநாள் சாப்பிட்ட பிறகு இருபது நிமிடம், ஒரே ஒரு விடைத்தாள். மார்க் போன இடத்திலெல்லாம் பிள்ளையே பென்சிலால் ஓர் எழுத்து போடட்டும்: தெரியாததற்கு 'தெ', தெரிந்தும் கவனக்குறைவால் தப்பியதற்கு 'க', நேரம் போதாததற்கு 'நே'. பிறகு தனித்தனியாகக் கூட்டுங்கள். 'நே' அதிகமென்றால் இன்னும் படி என்று சொல்லிப் பயனில்லை. கடிகாரம் வைத்து எழுதிப் பழக வேண்டும். 'க' அதிகமென்றால் கடைசிப் பத்து நிமிடம் சரிபார்க்கவென்றே ஒதுக்க வேண்டும்.

கணக்கில் பெயிலாகிவிடுவேன் என்று அழும் பிள்ளைக்குத் தைரியம் சொல்வதைவிட வினாத்தாளைப் பிரித்துக் காட்டுவது மேல். தேர்ச்சிக்கு 35. செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8. ஒரு மார்க் வினா பதினான்கில் நான்கு தப்பினாலும் 10. ஆக 26. இரண்டு மார்க் கணக்கு ஐந்து சரியானால் 36. முதல் இரண்டு வாரம் வடிவியலும் வரைபடமும் மட்டும் போட்டுப் பழகட்டும். எண்ணிப் பார்க்க முடிந்ததும் பயத்தின் அளவு குறையும்.

தேர்வறைப் படபடப்புக்கு மூச்சுப் பயிற்சி உதவும்: நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும், ஐந்து முறை. தினமும் படுக்கும்முன் பழகாமல், முதல்முறையாகத் தேர்வறையில் செய்தால் கைகொடுக்காது. பொதுத்தேர்வில் வினாத்தாள் படிக்கத் தரும் பத்து நிமிடத்தில் முதலில் இதை முடித்துவிட்டு, தெரிந்த கேள்விகளை மனத்தில் குறித்துக்கொள்ளலாம்.

"மார்க் முக்கியமே இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாதாமாதம் டியூஷன் பீஸைச் சொல்லிக்காட்டும் வீட்டில் எந்தப் பிள்ளையும் அதை நம்பாது. தவறினால் துணைத்தேர்வு உண்டு, அதே ஆண்டு பதினொன்றில் சேரலாம் என்ற நிஜத்தைச் சொல்லுங்கள்.

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். சாவைப் பற்றி விளையாட்டாகப் பேசினாலும் தனியே விடாதீர்கள். அன்றே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.