ஒரே ஒரு கேள்வி

ஐந்து வருடம் பட விமர்சனமும் இசைச் செய்தியும் எழுதினேன். வெளியான அன்றைக்கே 300 சொல், மறுநாள் எனக்கே மறந்துபோகும். நீண்ட கட்டுரைக்கு மாறலாம் என்று ஒரு பாடகரைப் பற்றி எடிட்டர்களுக்கு எழுதிப்போட்டேன். பெரும்பாலும் பதிலே இல்லை. ஒருவர் மட்டும் கேட்டார்: "இது ஆளோட பேரு. கட்டுரை எங்கே?" சரிதான், 'அவரது இசைப் பயணம்' என்று அனுப்பினால் வேறென்ன கேட்பார்? இருபது வருடம் மேடையில் பாடியவர் ஏன் திடீரென்று ஸ்டூடியோவோடு நின்றுகொண்டார் என்று மாற்றி அனுப்பினேன். ஒப்புக்கொண்டார்.

ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்த பேட்டி, கடைசியில் ஆறு நிருபர்களோடு சேர்ந்து உட்கார்ந்த 20 நிமிடமானது. எனக்கு ஒரே ஒரு கேள்வி. அதற்கும் நாலு இடத்தில் ஏற்கெனவே சொன்ன பதில்தான்.

அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பேட்டி தர மறுத்தபோது, பத்திரிகையாளர் கே டலீஸ் அவரைச் சுற்றியிருந்தவர்களிடம் பேசி, தள்ளி நின்று பார்த்தே எழுதிய கட்டுரை 1966 ஏப்ரல் எஸ்குவயர் இதழில் வந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை. (அவருக்குப் பத்திரிகை செலவு கொடுத்தது. எனக்கு மூன்று வாரம், அதுவும் கைக்காசு.) வேறு வழியும் இல்லை. பாடகரின் பழைய சவுண்ட் இன்ஜினியரைத் தேடிப் பிடித்தேன்.

அவர் அதிகம் பேசவில்லை. மேடையில் பாடகருக்குத் தன் குரல் கேட்பதற்கென்று மானிட்டர் என்கிற ஸ்பீக்கர் வைப்பார்கள். "ஒவ்வொரு கச்சேரிக்கும் கொஞ்சம் ஏத்துவோம்" என்று சொல்லி, மேஜைமேல் ஆள்காட்டி விரலை மெதுவாக மேலே தள்ளிக்கொண்டே போனார். விளிம்பு வந்ததும் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

கதை கிடைத்துவிட்டது, ஆனால் அச்சேற்ற முடியாது. ஒருவரின் உடல்நிலையை இன்னொருவரின் சைகையை நம்பி எழுத எடிட்டர் விடமாட்டார், விடவும் கூடாது. பாடகரின் மக்கள் தொடர்பாளருக்கு, என்ன எழுதப்போகிறேன் என்பதை அப்படியே மெயிலில் அனுப்பினேன். நாலு நாள் சத்தமே இல்லை. பக்கத்துக்கு வேறு கட்டுரை தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் இரவு பாடகரே அழைத்தார். கோபம் இல்லை, களைப்பாக இருந்தது குரல்.

"எழுதிக்கோங்க. ஆனா இடதுன்னு போட்டிருக்கீங்களே, அது வலது."